எதிர்க்கடை முன்பெஞ்சு

காலையில் கடையைத் திறந்ததும் முதல் இலையை அவர் தனக்குத்தான் போட்டுக்கொள்வார்.

கோட்டைக்குக் கிழக்கே சாலை என்கிற கடைத்தெருவில், அரிசி மண்டிகள் முடிந்து இரும்புக் கடைகள் தொடங்குகிற இடத்தில், என் சோற்றுக்கடைக்கு நேர் எதிரே அவருடைய கடை. நடுவில் தெரு. எட்டு அடி வைத்தால் அங்கே போய்விடலாம். நான் அடுப்பை ஊதிக்கொண்டிருக்கும்போதே அவர் குளித்து, திருநீறு பூசி, வாசல் பெஞ்சில் தெருவைப் பார்க்க உட்கார்ந்திருப்பார். முன்னால் ஒடுங்கிய பலகை, அதன்மேல் இலை, இலையில் இரண்டு தோசை. இரண்டு தோசை தின்ன ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவருக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஒரு துண்டு பிய்ப்பார், சட்டினியில் தொடுவார், தெருவைப் பார்த்துக்கொண்டே மெல்லுவார். மென்று முடித்ததும் தலையை ஒரு தடவை மெதுவாக ஆட்டுவார், யாரோ காதில் நல்ல சேதி சொன்னதுபோல. அதைப் பார்த்து இரண்டு வண்டிக்காரர்கள் நிற்பார்கள். அந்த இரண்டு பேர் உட்கார்ந்ததைப் பார்த்து மண்டியில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் நாலு பேர். நாலு பேரைப் பார்த்துச் சர்க்கார் கச்சேரிக்குப் போகிற குமஸ்தாமார். பெஞ்சு நிறைந்ததும் அவர் இலையை மடித்துக்கொண்டு உள்ளே போவார். அரைத் தோசை மிச்சம் இருக்கும். அந்த அரைத் தோசையைத் தின்றுவிட்டுப் போக மாட்டாரா என்று தினமும் எனக்கு எரிச்சல் வரும்.

சாலையில் எல்லாரும் அவரை முன்பெஞ்சுக்காரர் என்றுதான் சொன்னார்கள். யுத்தம் வருவதற்கு முந்தி ஆறு வருஷம் அவர் எனக்கு எதிரே கடை நடத்தினார். அந்த ஆறு வருஷத்தில் அவரை நினைக்காமல் நான் ஒரு கவளம் சோறு தின்றதில்லை.

அவர் வருவதற்கு முன் அந்தத் தெருவில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் ஆள் சாப்பிடுவது வெளியே தெரியாது. வாசலில் ஓலைத் தட்டி தொங்கும். தின்கிறவன் வாயைத் தெருவில் போகிறவன் பார்க்கக் கூடாது, கண் பட்டால் உடம்பில் ஒட்டாது என்று எங்கள் பக்கத்தில் நினைப்பு. இன்னார் பார்க்க இன்னார் சாப்பிடக் கூடாது என்கிற கட்டுகளும் அந்தக் காலத்தில் இருந்தன. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கடை போட்டபோது நான் முதலில் வாங்கியது தட்டிதான். பாத்திரம்கூடப் பிறகுதான். எனக்கு அது சௌகரியமாகவும் இருந்தது. நாலு பேர் முகத்தைப் பார்த்துப் பேசுவதென்றால் சின்ன வயதிலிருந்தே எனக்குக் கூச்சம். தட்டிக்குப் பின்னால் அடுப்படியில் நின்றால் நான் தெருவைப் பார்க்கலாம், தெரு என்னைப் பார்க்காது.

அவர் கடை எடுத்த அன்று செய்த முதல் வேலை, பழைய கடைக்காரர் விட்டுப்போன தட்டியை அவிழ்த்து அடுப்பில் வைத்தது. அடுத்த வேலை, ஒரு நீளப் பெஞ்சை வாசலில் போட்டு, குழி தோண்டி அதன் கால்களை மண்ணில் புதைத்தது. பெஞ்சை எதற்கு நாட்டுகிறீர் என்று பக்கத்து இரும்புக் கடைக்காரர் கேட்டாராம். “மழை வந்தா உள்ள தூக்கிப் போடலாம்னு தோணும் பாரும். தோணக் கூடாது,” என்றாராம் இவர்.

பெஞ்சில் யார் உட்காருவது என்பதையும் அவரே தீர்மானிப்பார். நன்றாகத் தின்கிறவர்களை, கை நக்குகிறவர்களை, சிரித்துப் பேசுகிறவர்களைத் தோளைப் பிடித்து முன்னால் உட்கார்த்துவார். இருமுகிறவர்கள், சோற்றில் கல் பொறுக்குகிறவர்கள், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த முகக்காரர்கள் எல்லாரும் உள்ளே தூணுக்குப் பின்னால். மண்டியில் கணக்கெழுதும் ஒருவர் எப்போதும் ஏகாதசி விரதம் இருப்பவர் மாதிரி முகத்தை வைத்திருப்பார். அவர் ஆறு வருஷமும் தூணுக்குப் பின்னால்தான் சாப்பிட்டார். அது தனக்குக் கிடைத்த மரியாதை என்று கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

முன்பெஞ்சில் இருப்பவர்களுக்குப் பரிமாறுவது மெதுவாக நடக்கும். “இரும் ஓய், சூடா ஒண்ணு வருது,” என்று ஒரு தோசைக்கும் அடுத்த தோசைக்கும் நடுவில் ஊர்க்கதை பேசுவார். இடத்தை நிறைத்துவைக்கத்தான் அந்தப் பேச்சு என்று எனக்குத் தெரியும். உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாது.

என் சமையல் அவருடையதைவிட உசத்தி. இதை நானாகச் சொல்லவில்லை, அவரே சொல்வார். என் கடையில் உள்ளித் தீயல் பேர்போனது. தேங்காயைத் துருவி, மல்லியும் வற்றலும் சேர்த்து, சிறு தீயில் கருஞ்சிவப்பாகும்வரை கை ஓயாமல் வறுக்க வேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால் பச்சை, ஒரு நிமிஷம் பிந்தினால் கசப்பு. பத்து மணிக்கு நான் தேங்காய் வறுக்கத் தொடங்கினால் அந்த மணம் தட்டியைத் தாண்டித் தெருவுக்குப் போகும். தெருவில் போகிறவர்கள் மூக்கை நிமிர்த்துவார்கள். என் தட்டியைப் பார்ப்பார்கள், உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாது. திரும்பி அவர் பெஞ்சைப் பார்ப்பார்கள், பத்துப் பேர் இருப்பார்கள். மணம் அங்கிருந்துதான் வருகிறதென்று அங்கே போய் உட்கார்ந்துவிடுவார்கள். என் தேங்காய், என் விறகு, என் கைவலி. நிறைவது அவர் பெஞ்சு. தட்டியின் நடுவில் ஓர் ஓலை விலகி இருக்கும். அந்த இடைவெளியில் கண்ணை வைத்து இதை நான் எத்தனை நாள் பார்த்திருப்பேன்.

அவர் கடையில் நான் கை நனைத்ததில்லை. வேண்டியிருக்கவில்லை. அவர் சாம்பாரின் லட்சணம் எட்டு அடி தூரத்திலிருந்தே தெரிந்தது.

கோட்டைக்குள் பெருமாள் கோயிலுக்கு எதிரே உள்ள மணிக்கூண்டில் மேத்தன் மணி பதினொன்று அடித்ததும் அவர் தெருவைத் தாண்டி என் கடைக்கு வருவார். அப்போதுதான் எனக்கு மத்தியானச் சாப்பாடு இறக்கியிருக்கும். என் கடை காலியாகக் கிடக்கும் நேரம். தட்டியைத் தலையால் விலக்கிக்கொண்டே, “மைனி, கறுப்பு இறங்கியாச்சா?” என்பார். கறுப்பு என்றால் தீயல். அவர் என்னைவிட மூத்தவர். ஆனாலும் என் மனைவியை, அண்ணன் மனைவியைக் கூப்பிடுவதுபோல, மைனி என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு அதில் ஒரு சிரிப்பு. எனக்குப் பரிமாறும்போது ஒரு கரண்டி என்றால் அவருக்கு ஒன்றரை.

உள்ளே உட்கார மாட்டார். இலையைக் கையில் வாங்கிக்கொண்டு தட்டிக்கு வெளியே வாசற்படியில் உட்கார்ந்துகொள்வார். ஒரு வாய் தின்றுவிட்டுத் தலையை ஆட்டுவார். அவ்வளவுதான். அவர் தின்று முடிப்பதற்குள் நாலைந்து பேர் என் தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்திருப்பார்கள். அவர் கை கழுவிவிட்டுப் போனதும் வரவு நின்றுவிடும். அந்த அரை மணி நேரம்தான் என் கடையில் கூட்டம்.

அது நல்லெண்ணம் என்பாள் என் மனைவி. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெருமாள் எழுந்தருளி வரம் கொடுத்துவிட்டுப் போவதுபோல இருந்தது. அவர் வராத நாட்களில் என் கடைக்கு யார் வருகிறார்கள் என்பதை எனக்குக் காட்டத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

ஒரு நாள் அவளே கேட்டுவிட்டாள், உங்கள் கடையில் சோறில்லாமலா இங்கே வருகிறீர்கள் என்று. அவர் வாசற்படியிலிருந்தே பதில் சொன்னார்.

“வெறும் கடையைப் பாத்தா எனக்கு வயித்தைப் பிசையும் மைனி. அது யாரு கடையா இருந்தாலும் சரி.”

அது பொய்யில்லை. தெருக்கோடியில் ஒரு சவரக்கடை இருந்தது. நாற்காலி காலியாக இருந்தால் இவர் போய் உட்கார்ந்துவிடுவார். தாடையில் மயிர் முளைக்க நேரம் கொடுக்க மாட்டார். குடை ரிப்பேர்க்காரரிடம் நல்ல குடையைக் கொண்டுபோய் விரித்துக் காட்டிப் பேசிக்கொண்டிருப்பார். இவர் எழுந்து வரும்போது அங்கே மூன்று பேர் குடையோடு நிற்பார்கள்.

ஒரு முறை திருவிழாச் சமயத்தில் நான் கோட்டைக்குப் போயிருந்தேன். கிழக்கு வாசல் பக்கம் ஒரே கூட்டம். என்ன என்று தெரியவில்லை. எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள், நானும் கூச்சத்தை விட்டு நாலு பேரை இடித்துக்கொண்டு உள்ளே போனேன். நடுவில் சின்ன மேடையில் ஒரு நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார். பெரிய வித்துவான் இல்லை, நரைத்த மீசை, பழைய சால்வை. அவருக்கு முன்னால் தரையில் துண்டை விரித்துச் சம்மணம் போட்டு, தாளம் தட்டிக்கொண்டு முன்பெஞ்சுக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினார். மெதுவாக எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தார்.

“நான் வரும்போது ஒரு குருவி இல்ல ஓய். இப்ப பாரும், நீரே வந்துட்டீரு.”

இரண்டு நாள் எனக்கு அது ஆறவில்லை. நல்ல வாசிப்பா கெட்ட வாசிப்பா என்று நான் கேட்கவே இல்லை. ஆள் நின்றதைப் பார்த்துத்தான் போனேன். என் கடையைத் தாண்டி அவர் பெஞ்சுக்குப் போகிறவர்களை நான் மனதுக்குள் திட்டாத நாளில்லை. நானும் அவர்களில் ஒருவன்தான் என்று அவர் கண்ணைச் சிமிட்டிக் காட்டிவிட்டார்.

அவர் வித்தையை நானும் செய்து பார்த்தேன். ஊரிலிருந்து என் மச்சான்மார் மூன்று பேர் வந்திருந்தபோது, தட்டியைப் பாதி உயர்த்திக் கட்டி, ஒரு பலகையைப் போட்டுத் தெரு தெரிய அவர்களை உட்கார வைத்தேன். தீயலும் ரசவடையும் அவியலும் போட்டேன். மூன்று பேரும் ஒரு நில வழக்கு விஷயமாகக் கச்சேரிக்கு வந்தவர்கள். தலையைத் தூக்காமல், ஒரு வார்த்தை பேசாமல், துஷ்டி வீட்டில் தின்பதுபோலத் தின்றார்கள். தெருவில் வந்த ஒருவர் நின்று, யார் தவறிப்போனது என்று என்னிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார். எதிரே பெஞ்சில் சிரிப்பு கேட்டது. அன்று பதினொரு மணிக்கு அவர் வந்து வாசற்படியில் உட்கார்ந்து சொன்னார்.

“ஆளைக் கூட்டினா போதாது ஓய், ருசிக்கத் தெரிஞ்ச ஆளாக் கூட்டணும். அடுத்த தடவை சொல்லும், நான் ஆள் தாறேன்.”

என் மனைவி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். அவள் சிரித்ததை நான் வெகுநாள் மறக்கவில்லை.

இனி அந்த மேட மாதத்துக் காரியத்தைச் சொல்ல வேண்டும்.

நல்ல சித்திரை வெயில். நாஞ்சில் நாட்டு நெல்வண்டிகள் வந்து மண்டிகளில் நின்றுவிட்டன. பத்து மணி இருக்கும், நான் தேங்காய் வறுத்துக்கொண்டிருந்தேன். எல்லா வண்டியும் போனபின் கடைசியாக ஒரு வண்டி வந்தது. தெருத் திரும்பும் இடத்திலேயே வண்டிக்காரர் கீழே இறங்கினார். தோவாளைப் பக்கத்து ஆள், முகம் எனக்குத் தெரியும். சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடை ஓரத்தில் குனிந்து வாந்தியெடுத்தார். பிறகு மாட்டின் கயிற்றைப் பிடித்தபடி பத்து அடி நடந்தார். முன்பெஞ்சுக்காரர் கடைக்கு எதிரே வந்ததும் கால் மடங்கி விழுந்துவிட்டார். இரும்புக் கடை அன்று திறக்கவில்லை. நெல் வந்த நாளானதால் முன்பெஞ்சும் காலி, மற்றவர்கள் எல்லாரும் மண்டிக்குள் அளவு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் நோவோடுதான் வந்தார் என்பதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவர். இன்னொருவன் தட்டியின் இடைவெளியில் நான்.

அவர் ஓடிப்போய் அந்த மனிதரைத் தோளில் தாங்கி வந்து, காற்று வரட்டும் என்று முன்பெஞ்சிலேயே படுக்க வைத்தார். துண்டை நனைத்து நெற்றியில் போட்டார். உப்புப் போட்ட கஞ்சித் தெளிவை ஊற்றினார். அது உள்ளே போனதும் அவ்வளவும் வெளியே வந்தது. அப்போதுதான் ஆட்கள் கூடினார்கள். அந்தப் பெஞ்சில் என்ன நடந்தாலும் பத்துப் பேர் திரும்பிப் பார்க்க வேண்டுமென்று ஆறு வருஷமாகப் பழக்கியவர் அவர். பார்த்தார்கள். சாப்பாட்டுக் கடையின் முன்பெஞ்சில் ஒருவன் வாந்தியெடுத்துக் கிடந்தான், பக்கத்தில் கஞ்சிப் பாத்திரம்.

மத்தியானத்துக்குள் அது, தின்றதும் விழுந்தானாம் என்று ஆயிற்று. சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் என்று ஆயிற்று. வந்தபோதே அவனுக்கு நோவு என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொன்னார். கடைக்காரன் வேறென்ன சொல்வான் என்று போய்விட்டார்கள். வண்டிக்காரரை மற்ற வண்டிக்காரர்கள் ஊருக்குக் கொண்டுபோய்விட்டதால் கேட்க அவரும் இல்லை. அவர் நாலு நாளில் எழுந்து நடமாடினார் என்றும், வழியில் கெட்டுப்போன பழையதைத் தின்றதுதான் காரணம் என்றும் சேதி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் கச்சேரி குமஸ்தா ஒருவர் என் தட்டியை விலக்கிக்கொண்டு வந்தார். ஆறு வருஷமாக எதிரே சாப்பிட்டவர். பாதி மலையாளமும் பாதித் தமிழுமாக, “பிள்ளே, நீங்க நேர் எதிரில் அல்லே. ஒன்றும் கண்டில்லே?” என்று கேட்டார்.

உள்ளே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

“நான் அடுப்பைப் பாத்துக்கிட்டிருந்தேன்,” என்றேன்.

கூச்சத்தால் அப்படிச் சொன்னேன் என்று பிறகு மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன். வண்டிக்காரர் ஓடை ஓரத்தில் குனிந்ததை அந்த நிமிஷமே நான் அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தேன். அவளுக்குத் தெரியும். அன்றிலிருந்து பாத்திரங்களை அவள் வைக்கிற சத்தம் மாறிவிட்டது.

என் கடை நிறைந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. தீயல் பன்னிரண்டரைக்கே தீர்ந்து மறுபடி வறுத்தேன். இவ்வளவு நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தீர் இந்தக் கையை என்று குமஸ்தா சொன்னார். ஒருவரைப் பார்த்து ஒருவர் வந்தார்கள். தட்டி மூடவே நேரமில்லை, வருகிறவரும் போகிறவருமாக அது ஆடிக்கொண்டே இருந்தது. ஆடும்போதெல்லாம் எதிர்க்கடை தெரிந்தது. அவர் முன்பெஞ்சில் தனியாக உட்கார்ந்து, தோசையைப் பிய்த்து, மென்று, தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். யாரும் நிற்கவில்லை. சவரக்கடைக்காரர் வரவில்லை. குடைக்காரர் வரவில்லை. இவர் போய் உட்கார்ந்து நிறைத்த இடம் ஒன்றிலிருந்தும் ஒருவரும் வரவில்லை.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அவர் வழக்கம்போல வந்தார். வாசற்படியில்கூட இடமில்லை. இலை கேட்கவில்லை. நேராக அடுப்படிக்கு வந்து என் பக்கத்தில் நின்றார்.

“உம்ம தட்டியில நடுவால ஒரு ஓலை விலகிக் கெடக்கும்,” என்றார் மெதுவாக. “அன்னைக்கு அதுல உம்ம கண்ணு தெரிஞ்சுது. நீரு பாத்தீரு.”

நான் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“பேச உமக்குக் கூச்சம். எனக்குத் தெரியாதா? ஒண்ணும் பேச வேண்டாம். நாளைக்கு மத்தியானம் வந்து என் முன்பெஞ்சுல ஒரு இலைச் சோறு தின்னும். நான் தின்னா கடைக்காரன் தின்னான்னு போயிரும். எதிர்க்கடைக்காரன் வந்து தின்னா சாலை முழுக்க நம்பும். ஒரே ஒரு நேரம். இல்லைன்னா இந்த வாரத்தோட நான் பூட்டிட்டுப் போக வேண்டியதுதான்.”

“வாறேன்,” என்றேன்.

“நெசமா?”

“வாறேன்னு சொன்னேம்லா.”

அவர் என் தோளைத் தொட்டார். போகும்போது, “மைனி, நாளைக்கு உங்க வீட்டுக்காரருக்கு இங்க சோறு வைக்க வேண்டாம்,” என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார். என் மனைவி அன்று சாயங்காலம் என் வெளுத்த வேட்டியை எடுத்து மடித்துவைத்தாள்.

மறுநாள் பன்னிரண்டு அடித்ததும் அவளே என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

“இங்க நான் பாத்துக்கிடுதேன். போங்க.”

தட்டியை விலக்கி வெளியே வந்தேன். வெயில் கண்ணில் அடித்தது. எட்டு அடி. எதிரே முன்பெஞ்சில், நட்ட நடுவில், ஒரு தலைவாழை இலை போட்டிருந்தது. தண்ணீர் தெளித்து, ஓரத்தில் உப்பு வைத்திருந்தது. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று, தெரு கேட்க, “வாரும் ஓய், வாரும்!” என்றார். மண்டி வாசலில் நின்ற சுமட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குடைக்காரர் கையை நிறுத்தினார். எனக்குப் பின்னால் என் கடையில் தட்டியை யாரோ விலக்கிப் பிடித்துக்கொண்டு பார்ப்பது தெரிந்தது. குமஸ்தாவின் குரலும் கேட்டது.

நான் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் நாளைக்கு அந்தக் குமஸ்தாவும் இங்கே உட்காருவார். அவரைப் பார்த்து நாலு பேர், நாலு பேரைப் பார்த்துப் பத்துப் பேர். என் கடையில் மறுபடியும் பதினொரு மணிக்கு மட்டும் ஆள் வரும். நடந்தது எட்டு அடிதான், அதற்குள் இவ்வளவும் நினைத்துவிட்டேன்.

முன்பெஞ்சைத் தாண்டி உள்ளே போனேன். தூணையும் தாண்டி, விறகு அடுக்கியிருந்த மூலையில் ஒரு பலகை கிடந்தது. அதில் உட்கார்ந்தேன். தெருவிலிருந்து பார்த்தால் என் முழங்கால்கூடத் தெரியாது.

அவர் வாசலிலேயே நின்றார். “முன்னால காத்து வருமே ஓய்,” என்றார்.

“இங்கயே மதி, இது போதும்.”

மறுபடி கூப்பிடவில்லை. முன்பெஞ்சில் போட்ட இலையை உப்புச் சிந்தாமல் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்து என் முன்னால் போட்டார். அவரே பரிமாறினார். சோறு, பருப்பு, சாம்பார், பூசணிக்காய் எரிசேரி. நான் தலையைத் தூக்காமல் பிசைந்து ஒரு வாய் வைத்தேன்.

நன்றாக இருந்தது. சாம்பார் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. எரிசேரியில் தேங்காயை வறுத்துப் போட்டிருந்த பக்குவம் எனக்கு வராத பக்குவம். ஆறு வருஷம் எட்டு அடி தூரத்திலிருந்து நான் குறை சொன்ன சாப்பாடு அது.

“தீயல் மட்டும் உம்மளவுக்கு வராது,” என்றார் அவர், விறகைப் பார்த்துக்கொண்டு.

நான் கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். எதிர்க்கடைக்காரன் உள்ளே போய் வேவு பார்த்துவிட்டு வருகிறான் என்று சுமட்டுக்காரர் ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. என் மனைவி என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கரண்டியைத் திருப்பிக் கொடுத்தாள்.

சொன்னபடி அந்த வாரக் கடைசியில் அவர் பூட்டினார். கொல்லத்துப் பக்கம் போகிறார் என்று பேச்சு. சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு, மேத்தன் மணி பதினொன்று அடித்ததும் என் கடைக்கு வந்தார். கடை நிறைந்திருந்தது. அவர் பெஞ்சில் ஆறு வருஷம் உட்கார்ந்தவர்கள்தான் அத்தனை பேரும். ஒருவரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. என் மனைவி இலையோடு ஓடி வந்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உள்ளே நடந்து, என் விறகு மூலையில் போய் உட்கார்ந்தார்.

தீயலை ஊற்றினேன். தின்றார். தலையை ஆட்டவில்லை. இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு, “வாறேன் மைனி,” என்றார்.

வாசலில் போய் நின்று தட்டியைப் பார்த்தார். மேலே கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, தட்டியைச் சுருட்டி, சுவரில் சாத்தி வைத்தார்.

“இனி இது உமக்கு எதுக்கு ஓய்,” என்றார். தெருவில் இறங்கிப் போனார்.

அதை நான் திரும்பக் கட்டவில்லை. அடுப்படியிலிருந்து பார்த்தால் எதிரே நேராகத் தெரிகிறது. அவர் கடையை இரும்புக் கடைக்காரர் எடுத்துக் கம்பி அடுக்கும் கிட்டங்கியாக்கிவிட்டார். பெஞ்சைப் பிடுங்கப் பார்த்தார்கள், வரவில்லை. அவ்வளவு ஆழத்தில் நாட்டியிருந்தார். அப்படியே விட்டுவிட்டார்கள். என் கடையில் இடம் கிடைக்கக் காத்திருப்பவர்கள் அதில்தான் உட்காருகிறார்கள். தேங்காய் வறுக்கிற மணத்துக்கு மூக்கை நிமிர்த்திக்கொண்டு, தெருவைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். உள்ளே இரண்டு இலை காலியாக இருக்கும், வாருங்கள் என்று என் மனைவி கூப்பிடுவாள், இதோ இதோ என்பார்கள், எழுந்திருக்க மாட்டார்கள்.

மத்தியானம் ஆனால் இப்போதும் முதலில் நிறைவது அவர் பெஞ்சுதான்.